சிப்பை அணைத்த பத்து நாள்

என் மனைவி செண்பகாவின் வயிற்றில் வைத்திருந்த சிப், பசியை மட்டுப்படுத்தி, மாதம் அரைக் கிலோ வீதம் அவள் எடையைக் குறைத்து வந்தது. குற்றாலத்தில் இருக்கும் பத்து நாளாவது வயிறாரச் சாப்பிடட்டும் என்று, அவளுக்குத் தெரியாமல் என் போனிலிருந்தே அதை அணைத்து வைத்தேன்.

பரோட்டாவும் நாட்டுக்கோழி வறுவலுமாகச் சாப்பிட்டாள். எட்டாம் நாள் விடுதியில் எடை பார்த்தவள் கத்தினாள். "ஏங்க, வந்து பாருங்க! ரெண்டு கிலோ கொறஞ்சிருக்கு. சிப்புன்னா இதுல்லா சிப்பு!"

"ஒன் தங்கச்சி பாத்தா வயிறெரிவாட்டி."

"எரியட்டும். அவளுக்குத்தான் மொதல்ல போட்டோ அனுப்பணும்."

உண்மையைச் சொன்னால் அந்தச் சந்தோஷம் போய்விடும் என்று பேசாமல் இருந்தேன். ஊர் திரும்பும்போது பேருந்திலேயே சிப்பை மறுபடி இயக்கிவிட்டேன். அதன்பின் அவள் மெலிந்ததற்கெல்லாம் எல்லோரும் சிப்பைத்தான் பாராட்டினார்கள்.

ஐந்து மாதம் கழித்து, கணையத்தில் முற்றிய கட்டியைக் கண்டுபிடித்த மருத்துவர் கேட்டார். "சிப்ப அணைச்சிருந்தப்ப எப்பவாச்சும் எடை கொறஞ்சுதா? அப்பவே தெரிஞ்சிருந்தா எடுத்திருக்கலாம்."

"அணைச்சதே இல்ல டாக்டர்" என்றாள் செண்பகா. "இவுகளக் கேளுங்க."

"ஆமா டாக்டர்" என்றேன்.

அடுத்த மாதம் அவள் இறக்கும்வரை அதை நான் மாற்றிச் சொல்லவில்லை.