இங்கே பேரம் கிடையாது

"ஏனுங்க டாக்டரே, பீஸைக் கொஞ்சம் பாத்துக் கொறைச்சுக்கலாமுங்களா?"

நாற்காலியில் சாய்ந்திருந்த பொள்ளாச்சித் தேங்காய் மண்டிக்காரர் அழகிரிசாமி கேட்டதுதான் தாமதம், பல் டாக்டர் தம்பிதுரைக்கு முகம் சிவந்துவிட்டது.

"இதென்ன மாட்டுச் சந்தைங்களா? மூணு பல்லுக்கு நாலாயிரம்னா நாலாயிரந்தானுங்க. பேரம் பேசறது எங்க பரம்பரைக்கே ஆகாது. வாயைத் தொறங்க."

அழகிரிசாமி வாயைத் திறந்தார். அதற்குப் பிறகு மனிதர் என்ன பேச முடியும்? பல் வைத்தியத்தில் இது ஒரு வசதி.

பக்கத்தில் நின்ற மதன்குமாருக்கு இது நல்ல சகுனமாகப் படவில்லை. பி.டி.எஸ். முடித்த கையோடு, பீளமேட்டில் இருக்கும் இந்தக் கிளினிக்கில் உதவி டாக்டர் வேலை கேட்டு வந்திருக்கிறான். "கூட நில்லுங்க தம்பி, வேலையைப் பாத்துட்டே பேசலாம்" என்று கையுறையைக் கொடுத்துவிட்டார் டாக்டர். பஞ்சு எடுத்துக் கொடுப்பதும் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதுமாகக் காலையிலிருந்து ஓசியில் உழைத்தாயிற்று. சம்பளப் பேச்சுதான் வந்தபாடில்லை.

மூவாயிரமாவது வேண்டும். தொண்ணூற்றைந்தாம் வருஷத்துக் கோயமுத்தூரில் அதற்குக் குறைந்தால் ரூம் வாடகை, மெஸ் எதுவும் கட்டுப்படியாகாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஊரில் அப்பா ராசப்பன் மாட்டுத் தரகர். துண்டுக்கடியில் கையைப் பிடித்து, வாயைத் திறக்காமல், விரலாலேயே விலையை முடிக்கிறவர். ஒரு விரலைப் பிடித்தால் ஆயிரம், மடக்கி அழுத்தினால் ஐநூறு. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. லீவு நாளெல்லாம் அவரோடு சந்தையில் நின்று பழகியவன் மதன்குமார். அதைக் காலேஜில் ஒருத்தருக்கும் சொல்லாமலே படிப்பை முடித்துவிட்டான். அத்தனை கௌரவம்!

"அப்பா என்ன பண்றாருங்க?" என்றார் டாக்டர், பல்லைக் குடைந்தபடி.

"பிசினஸ்ங்க சார்."

"நல்லதுங்க. எங்கய்யன் பெரிய பண்ணையக்காரரு. காசைக் கையில தொடவே மாட்டாரு."

காசைத் தொடாமல் பண்ணையம் எப்படி நடந்தது என்று கேட்க அழகிரிசாமியின் வாயில் இடமில்லை.

"சம்பளம்ங்க சார்..." மதன்குமார் மென்று விழுங்கினான்.

"படிச்சு வந்ததும் சம்பளமா? இது சேவைங்க தம்பி. எங்கிட்ட நின்னு கத்துக்கறதுக்கே நீங்க குடுத்து வெச்சிருக்கோணும்." துளைக்கிற மிஷினை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "செரி, மனசுல என்ன இருக்குதுன்னு சொல்லுங்க. மெதுவா. பேஷன்ட் காதுல உழுந்துறப் போகுது."

சொல்லிக்கொண்டே, அழகிரிசாமியின் நெஞ்சில் விரித்திருந்த துண்டின் ஓரத்தைத் தூக்கிக் கையைத் துடைத்தார்.

மெதுவாக, யாருக்கும் கேட்காமல், விலை சொல்ல வேண்டும். எதிரே துண்டு. துண்டுக்குள் ஒரு கை.

மதன்குமாரின் கை அவனைக் கேட்காமலே உள்ளே நுழைந்து, டாக்டரின் மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தது.

பிடித்த பிறகுதான் உறைத்தது. ஐயோ, வேலையும் போச்சு, மானமும் போச்சு!

டாக்டர் திட்டவில்லை. கையை உதறவும் இல்லை. முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். துண்டுக்குள் அவர் கை மெல்லப் புரண்டு, மதன்குமாரின் ஒரு விரலைப் பிடித்தது. அடுத்த விரலை மடக்கி, ஒரு அழுத்து.

ஆயிரத்து ஐநூறு.

மதன்குமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராசப்பன்கூட இத்தனை சுத்தமாக அழுத்த மாட்டார்! பயம் போன இடம் தெரியவில்லை. மறுபடி மூன்று விரலைப் பிடித்தான். டாக்டர் இரண்டுக்கு வந்தார். இவன் மூன்றிலேயே நின்றான். டாக்டர் இரண்டு பிடித்து ஒன்றை மடக்கினார். அதற்கு மேல் அந்தக் கை அசையவில்லை. பரம்பரைக்கே பேரம் ஆகாதாமே!

திடீரென்று வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார் அழகிரிசாமி.

"பையனுக்கு மூணுக்கே முடிச்சுப்போடுங்க டாக்டரே. காத்தாலயிருந்து நின்னுட்டே இருக்கறான்."

டாக்டருக்கு வேர்த்துவிட்டது. "மூ... மூணுங்களா? எதைங்க சொல்றீங்க?"

"என்ற நெஞ்சு மேலயே சந்தையக் கூட்டிப்போட்டு, எனக்குத் தெரியாதுங்களா? எங்க மண்டியிலயும் இதே துண்டு யாவாரந்தானுங்க."

மதன்குமார் கையை மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டான். டாக்டரும் இழுக்கப் பார்த்தார். முடியவில்லை. துண்டுக்குள் நுழைந்த தேங்காய் மண்டிக் கை அதை இறுக்கிப் பிடித்திருந்தது.

"இருங்க, இருங்க. அவசரப்பட்டா எப்படிங்க? அடுத்தது என்ற பல்லுக்குப் பேசலாம்."