தாலுக்காவின் கடைசி ஆள்

"யாரும் வாரதுக்குள்ள வாயில போட்டுக்கிடும் ஓய்," என்றார் தாணுலிங்கம். அவர் உள்ளங்கையில், வாழைச்சருகின்மேல், குன்றிமணிப் பருமனில் ஓர் அபினி உருண்டை இருந்தது.

மரியஜான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடியப்பட்டணத்தில் அவனுக்கு நல்ல பெயர் வந்தே சில மாதங்கள்தான் ஆகின்றன. மகள் செசிலியின் கல்யாண ஓலையை, தடை உண்டா என்று கேட்டு, கோயிலில் இரண்டு வாரம் வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. அப்பன் மறுபடியும் தின்கிறான் என்று தெரிந்தால், தடை சொல்ல மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் எழுந்து நிற்பார்கள் என்றான்.

தாணுலிங்கம் அத்தனையையும் பொறுமையாகக் கேட்டார். கோட்டுப் பொத்தான் ஒன்றைக்கூடக் கழற்றாமல் வலைக் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தார். கக்கத்தில் சுருட்டிய துணிப் பதாகை ஒன்று. அதன் ஓரத்தில் சிவப்பு எழுத்து ஒன்று எட்டிப் பார்த்தது.

தாலுக்கா முழுக்க அலைந்தும் அபினி தின்கிறவன் ஒருவன்கூடக் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார். காசு வேண்டாம், வெள்ளிக்கிழமை வரைக்கும் தின்றால் போதும், பிறகு தாராளமாக விட்டுவிடலாம் என்றார்.

"இராயப்பர் சுரூபத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணினவனாக்கும் நான்."

"இராயப்பரே ஏசுவத் தெரியாதுன்னு மூணு மட்டம் மாத்திச் சொன்னவருதானே? நீரு ஒரு மட்டம் மாத்தினா கோவப்படவா போறாரு?"

அபினி வாசனை மரியஜானின் மூக்கில் ஏறிவிட்டது. கை தானாக நீண்டது.

அடுக்களை வழியாக மீன்கூடையுடன் நுழைந்த செல்லபாய், புருஷன் கையையும் உருண்டையையும் ஒன்றாகப் பார்த்தாள். கூடையைப் போட்டாள். உருண்டையைப் பிடுங்கி எரிகிற அடுப்பில் எறிந்தாள்.

"எங் குடியக் கெடுக்க வந்தியாலே? இப்பம் போலீஸ விளிக்கேன் பாரு."

"விளிக்க வேண்டாம் தாயி. ஏட்டு வாசல்லதான் நிக்காரு."

செல்லபாய் எட்டிப் பார்த்தாள். தென்னை மூட்டில் ஏட்டு நின்றார். பக்கத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரும் நின்றார். இருவரும் பெண் கேட்க வந்தவர்களைப் போல அவளைக் கும்பிட்டார்கள்.

மரியஜான் நீண்ட கையை மடக்கி, மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டான். இனி அந்தக் கை நீளாது என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

தாணுலிங்கத்துக்கும் தெரிந்தது. அடுப்புப் புகையைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்தார்.

"டெல்லி உத்தரவுப்படி அபினி ஒழிப்புக்கு எங்க எக்சைஸ், போலீஸ், ஆஸ்பத்திரின்னு மூணு டிப்பார்ட்மெண்டையும் ஒண்ணாச் சேத்தாச்சு தாயி. வெள்ளிக்கிழமை பெரிய ஆபீசர் பாக்க வாராரு, திங்கதுக்கு ஒரு ஆளு வேண்டாமா?"