கூச்சமில்லாத மருமகள்

"மாமா, ஒன்னுக்கு மாத்திரை போட்டாச்சா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த கணக்கு வாத்தியாரைப் பார்க்க வந்திருந்த பள்ளிக்கூடத்துக்காரர்கள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மாமியாருக்கு மானமே போய்விட்டது. மருமகளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மாமனார்கிட்ட கேக்கற கேள்வியா இது? கொஞ்சமாவது கூச்சம் வேண்டாம்? கேன்சர் கட்டி இருந்தது மலக்குடல்ல. அதை எடுத்தாச்சு. ஒன்னுக்கு மாத்திரை எதுக்குன்னு அவரே கேக்கறார்!"

"மூத்திரப்பைக்குப் போற நரம்பும் அங்கதான் இருக்கு, அத்தை. ஆபரேஷன்ல அது அசந்து போயிடுமாம். ஒன்னுக்குப் போக வெச்சிருக்கற டியூபை எடுத்ததும் அடைச்சுக்கக் கூடாதுன்னுதான் டாக்டர் முன்கூட்டியே குடுக்கறார். ஒரு வேளைகூட விடக் கூடாது."

மறுநாள் டியூபை எடுத்தார்கள். மத்தியானம் மகன் வந்தான்.

"போச்சாப்பா?"

"ம்... போச்சு, போச்சு."

மாமியார் கையெடுத்துக் கும்பிட்டாள். மருமகள் விடவில்லை.

"எப்ப மாமா? அளக்கறதுக்கு நர்ஸ் வெச்ச மக் காஞ்சு கிடக்கே?"

"அவர்தான் சொல்றாரில்ல! வக்கீல் மாதிரி துருவறியே!" மாமியார் சீறினாள்.

வாத்தியார் சுவரைப் பார்த்தார். "முட்டிக்கிட்டு நிக்குதும்மா. வர மாட்டேங்குது. சொன்னா மறுபடியும் டியூபைச் சொருகிடுவாங்களேன்னு..."

மருமகள் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்தாள். நர்ஸ் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லவேளை, இப்பவே சொன்னீங்க. மாத்திரை ஒழுங்கா போட்டிருக்கீங்க, பயப்படாதீங்க. கொஞ்சம் நடந்துட்டு, பதறாம உக்காந்து பாருங்க. வரலைன்னா டாக்டரைக் கூப்பிடலாம்."

மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் பாத்ரூமுக்குள் போனார். வெளியே மாமியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் சொட்டுச் சொட்டாக, அப்புறம் தாராளமாகச் சத்தம் கேட்டது. மாமியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நர்ஸ் ஸ்கேன் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பை காலி! டியூபே வேண்டாம்."

மருமகள் அப்படியே பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

"நல்லபடியா முடிஞ்சுதே, எதுக்கும்மா அழறே?" மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கப்பாவைக் கொண்டுபோனது கேன்சர் இல்ல, அத்தை. ஆபரேஷன் நல்லாத்தான் நடந்தது. 'போச்சு, போச்சு'ன்னுதான் அவரும் சொன்னார். உள்ளேயே தேங்கி, விஷமா ஏறிடுச்சு. மகள்கிட்ட சொல்ல அவருக்குக் கூச்சம். கேக்க எனக்குக் கூச்சம்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை கேட்டுட்டேன்."