ஆமை எழுதிய பயிற்சி

காட்டில் குறையோடு வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கம்பெனி ஒன்றில் ஆமைக்கு வேலை. செயற்கை நுண்ணறிவை வெள்ளிக்கிழமைக்குள் ஆன்லைனில் படித்துத் தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று ஓர் உத்தரவு வந்தது. ஆமை உடனே முதல் பாட வீடியோவைத் திறந்தது.

"அண்ணே, வீடியோவை ஓடவிட்டுட்டுத் தூங்குங்க. நான் அதைத்தான் பண்றேன்," என்றது பக்கத்து மேஜை அணில்.

"போப்பா, உன்னை மாதிரி மரம் மரமாத் தாவிப் பொழைக்க எனக்குக் காலு இல்ல."

ஆமை ஒன்றுவிடாமல் படித்தது. கடைசிப் பயிற்சியில், தான் வேலை செய்யும் விதத்தை இயந்திரத்துக்கு விளக்கி எழுத வேண்டும். மார்க் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் ஆமை எல்லாவற்றையும் எழுதியது. வந்தவரிடம் முதலில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதையும், அவர் பேசி முடித்த பிறகு மனசுக்குள் பத்து எண்ணிவிட்டே வாய் திறப்பதையும்கூட விடவில்லை. நூற்றுக்கு நூறு கிடைத்தது. அணில் முப்பத்தைந்தில் தப்பித்தது.

திங்கட்கிழமை ஆமையின் இடத்தில் ஒரு திரை இருந்தது. எதிரே ஒரு முயல்.

"சாப்பிட்டீங்களா?" என்றது திரை.

முயல் தலையாட்டிவிட்டு, வளைக்குள் தண்ணீர் புகுந்த கதையைச் சொல்லி முடித்தது. திரை பேசவில்லை. வாசலில் நின்ற ஆமை, தன்னை அறியாமல் எண்ணத் தொடங்கியது. எட்டு, ஒன்பது.

பத்து வந்ததும் திரை பேசியது.