சூட்டைப் பார்க்கும் கண்

தாக்குதல் ஹெலிகாப்டரின் மூக்கில் ஒரு கண் இருந்தது. இருட்டில் சூடானதெல்லாம் அதற்கு வெள்ளையாகத் தெரியும். கீழே தொங்கிய துப்பாக்கிக்குப் பார்வை கிடையாது. கண் திரும்பும் பக்கம் அதுவும் திரும்பும்.

“சோளக்கொல்லையில் நாலு பேர். ஒருவன் கையில் நீளமாக என்னவோ இருக்கிறது,” என்றது கண்.

“என்னது?” என்றது துப்பாக்கி.

“சூடில்லாதது எனக்குச் சரியாகத் தெரியாது. பன்றி விரட்டுகிற கம்பாகவும் இருக்க…”

அதற்குள் விமானி விசையை அழுத்திவிட்டான். துப்பாக்கி சுட்டுத் தீர்த்தது.

வெகுநேரம் கழித்து, “இன்னும் இருக்கிறார்களா?” என்று கேட்டது.

“படுத்தே கிடந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மங்கி மண்ணின் நிறமாகிவிட்டார்கள். இப்போது யாரும் தெரியவில்லை.”

“அப்படியென்றால் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.”

கண் மெல்லத் துப்பாக்கியின் பக்கம் திரும்பியது.

“இருக்கலாம். இங்கே இன்னும் சூடாக இருப்பது நீ மட்டும்தான்.”