யாருடைய கால்

இருபது வருடம் கன்னியர் மடத்தில் இருந்த மகள், சர்க்கரைப் புண்ணோடு படுத்துவிட்ட தகப்பன் சவரிமுத்துவைக் கவனிக்க ஒரு மாத விடுப்பில் வந்திருந்தாள். தினமும் இரண்டு வேளை வெதுவெதுப்பான நீரில் அவர் காலைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினாள். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. பெற்ற பிள்ளை என்றால் ஒரு தடவையாவது சலித்துக்கொள்ளாதா?

"நாத்தம் அடிக்கலையா உனக்கு?"

"நோயாளி யாரா இருந்தாலும் இயேசுவாத்தான் பாக்கணும்ப்பா. மடத்துல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தண்ணீர் அவளுடைய வெள்ளை அங்கியில் தெறித்தது.

"அப்ப இத்தனை நாளும் நீ கழுவுனது எங்காலை இல்ல."

"நீட்டுங்கப்பா, புண்ணு ஆறணும்."

"எம் மக செல்லத்தாய் வந்தா நீட்டுறேன். நீங்க போங்க, சிஸ்டர்."

அவள் கையிலிருந்த துணியைத் தரையில் அடித்தாள்.

"அம்மா சாகக் கிடந்தப்ப எனக்கு ஏன் சொல்லி அனுப்பல? அன்னைக்கு நான் உங்க மகளாத் தெரியலையா?"

அந்தக் கத்தல் தெருவரைக்கும் கேட்டது.

சவரிமுத்து நம்பாதவர்போல அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் காலை நீட்டினார்.