கரடிக்கு ஒரு லென்ஸ்

கடைக்காரர் முதலில் சிரித்தாரா, அம்மா முதலில் முறைத்தாளா என்பது இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. அம்மா கேட்டது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

"ஒரு கரடியைப் படம் எடுக்கணும். பக்கத்துல போக முடியாது."

கடைக்காரர் மறுபேச்சில்லாமல் உள்ளே போய், முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். "காட்டுக்குப் போறவங்க இதைத்தான் வாங்குவாங்க. எந்தக் காடும்மா?"

"தீம் பார்க்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தக் கரடிக்குள் இருப்பது என் தம்பி. இன்ஜினீயரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, தீம் பார்க்கில் கரடி வேஷம் போட்டுக் குழந்தைகளோடு ஆடும் வேலையில் சேர்ந்துவிட்டான். கட்டடப் பொறியாளரான அப்பா, ஹாலில் மாட்டியிருந்த அவன் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டார். "இனிமே அவன் பேச்சு இந்த வீட்டுல வரக் கூடாது" என்றார்.

நாலு வருஷமாக அந்தப் பேச்சு வரவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் "வெளியூர்ல வேலை" என்று அப்பா முடித்துக்கொள்வார். ஆணி மட்டும் சுவரிலேயே இருந்தது. அதில் ஒரு காலண்டரைக்கூட மாட்ட அம்மா யாரையும் விட்டதில்லை.

எனக்கு மட்டும் தம்பி எப்போதாவது போன் செய்வான். அம்மா வரப் போவதைப் பற்றி அவனிடம் மூச்சு விடக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

"இந்த வெயிட்டைத் தூக்கிட்டு நாள் பூரா நடக்க முடியாதும்மா." கடைக்காரர் பெரிய லென்ஸை ஓரமாக வைத்தார். "கரடி மட்டும் வந்தாப் போதுமா?"

"அவனைச் சுத்தி நிக்கிற பிள்ளைங்களும் வரணும். எத்தனை பிள்ளைங்க அவனை ஓடி வந்து கட்டிக்குதுன்னு ஒருத்தர் பார்க்கணும்."

"அப்ப கிட்ட, தூரம் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஜூம்தான். கூட்டத்துல நின்னு லென்ஸை மாத்திக்கிட்டு இருந்தா உள்ள தூசி போயிடும். அதுக்குள்ள கரடியும் போயிடும்." சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தார். "இப்பவே சொல்லிடறேன். எல்லாம் ஒண்ணுலயே வேணும்னா, எல்லாத்துலயும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும். இருட்டான இடத்துல இது அவ்வளவு தெளிவா எடுக்காது."

"விட்டுக் கொடுத்து எனக்கு நல்லாப் பழக்கம்" என்றாள் அம்மா. "இந்தத் தடவை லென்ஸ் கொடுக்கட்டும்."

நான் மெதுவாக அவள் காதருகில் சொன்னேன். "எதுக்கும்மா இதெல்லாம்? பேசாம அவன் பக்கத்துலயே போய் நின்னு எடுத்துடலாமே."

"நான் போய் நின்னா அழுதுடுவான்டி. எல்லார் முன்னாடியும் கரடித் தலையைக் கழட்டினா வேலை போயிடும்னு நீதானே சொன்னே? அதுக்குள்ள கையை விட்டுக் கண்ணைத் துடைக்க முடியுமா அவனால?"

கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அம்மா பையிலிருந்து அப்பாவின் பழைய கேமராவை எடுத்தாள். "இதுக்குச் சேருமான்னு பாருங்க. பையன் போனதுலேருந்து அவர் இதைத் தொடவே இல்ல. இன்னைக்குக் காலையிலதான் பீரோவுலேருந்து எடுத்தேன்."

கடைக்காரர் புது லென்ஸைப் பொருத்தி சுவிட்சைத் தள்ளினார். திரை பளிச்சென்று ஒளிர்ந்தது. "சார்ஜ் முழுசா இருக்கும்மா. தெருவுல எதையாவது பாருங்க."

அம்மா எதிர் வரிசைத் தையல் கடைப் பக்கம் கேமராவைத் திருப்பி, வளையத்தைச் சுழற்றினாள். "அந்தத் தையல்காரர் வாயில ஊசியைக் கடிச்சிக்கிட்டு இருக்கார்" என்றாள். "இது போதும்."

"கூட்டம் இல்லாத நாளாப் பார்த்துப் போங்க. செவ்வாய்க்கிழமை நல்லது" என்று கடைக்காரர் வாசல் வரை வந்து சொன்னார்.

வீட்டில் அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய்க் கேமராவை அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"வர்ற செவ்வாய்க்கிழமை நான் என் பிள்ளையைப் பார்க்கப் போறேன். படம் எடுத்துட்டு வந்து அந்த ஆணியிலயே மாட்டப் போறேன். ஆமா, கரடிப் படம்தான். யாருன்னு எவர் வந்து கேட்டாலும் என் பிள்ளைன்னுதான் சொல்லுவேன்."

அப்பா நிமிரவில்லை.

"நாலு வருஷமா நீங்க சொன்னீங்க, நான் கேட்டுக்கிட்டேன். இனிமே முடியாது. படத்தைக் கழட்டணும்னு தோணிச்சுன்னா, என்னையும் சேர்த்துக் கழட்டிப் பரண்ல போடுங்க."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். கேமராவைக் கையில் எடுத்தார். வீசி எறியப் போகிறார் என்று நான் முன்னால் நகர்ந்தேன்.

அவர் எறியவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்து, வளையத்தை மெல்லச் சுழற்றி, சுவரில் இருந்த வெறும் ஆணியையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீங்க என்ன சொன்னாலும் சரி, செவ்வாய்க்கிழமை நான் போகத்தான் போறேன்."

கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே அப்பா சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை வேண்டாம். அன்னைக்குக் கரடிக்குள்ள வேற பையன்."